காவிரிக் கரையில் ஒரு மேருமலை

சிறு வயதிலே எமது ஊர்க் கோயிலில் ஆண்டுதோறும் கந்தபுராணப் படிப்பு நடைபெறும். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். மண்டபத் தூணிற் சாய்ந்திருந்து கேட்ட கதைகளுள் எம்மை மிகவும் கவர்ந்தது காவிரி பிறந்த கதையாகும். அகத்திய முனிவரின் கமண்டலத்திலே அடங்கியிருந்த ஆற்றை விநாயகப் பெருமான் காக வடிவில் வந்து கவிழ்த்துவிட்டார் என்று பயன் சொல்லுபவர் கூறும்போது, அந்தக் காகம் எமது தலைக்கு மேலே பறப்பது போலவே தோன்றும். காவிரி பிறக்கும் இடத்தைக் காணவேண்டும் என்னும் ஆசை அன்று எம் நெஞ்சில் விழுந்த வித்து. சென்ற ஆண்டு மார்கழி விடுமுறையிலேதான் அது முளைத்தது.

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம். சென்னையிலிருந்து மைசூருக்குப் புகையிரதம். மைசூரிலிருந்து குடகு நாட்டை நோக்கி ஒரு வாடகை மோட்டார். இல்லத்தரசியும் இரு பிள்ளைகளும் உடன் வந்தனர். மைசூரிலிருந்து மேற்கே எண்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாகச் சென்றால் குசால்நகர் என்னும் ஊர் வரும். அங்கே காவிரியைக் கடந்துவிட்டாற் குடகு மலைநாடு. ஆற்றைக் கடப்பதற்குச் சிறிது தூரம் இருக்கையிலே சாரதி வண்டியின் வேகத்தைக் குறைத்து, “ஐயா, இங்கே ஒரு பொற்கோயில் உண்டு. பார்த்துவிட்டுப் போகலாமே” என்றார். பிள்ளைகள் உடனே சம்மதித்துவிட்டார்கள். எமது யாத்திரை அந்த ஒரு சொல்லினாலே திசை திரும்பிற்று.

காட்டுக்குள் ஒரு திபெத்து

பெருந்தெருவைவிட்டு உள்ளே திரும்பியதும் நாடே மாறிவிட்டது போலிருந்தது. சோளத் தோட்டங்களுக்கு நடுவே நீலமும் வெள்ளையும் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகிய பிரார்த்தனைக் கொடிகள் காற்றில் அசைந்தன. எமது நாட்டுப் பிக்குகளின் காவி நிறத்துக்கு மாறாகக் கருஞ்சிவப்பு அங்கி தரித்த பிக்குகள் கூட்டங்கூட்டமாகச் சென்றனர். முதிய பெண்கள் கையிலே மணிமாலை உருட்டிக்கொண்டு திண்ணைகளில் அமர்ந்திருந்தனர். ஊரின் பெயர் பைலக்குப்பே.

1959ஆம் ஆண்டில் தலாய் லாமா திபெத்தை நீங்கி இந்தியாவிலே தஞ்சம் புகுந்தபோது, பல்லாயிரம் மக்கள் இமயமலையைக் கடந்து அவரைத் தொடர்ந்தனர். அவர்களைக் குடியேற்றுவதற்கு அந்நாளைய மைசூர் அரசாங்கம் ஏறக்குறைய 3,000 ஏக்கர் காட்டை இவ்விடத்தில் ஒதுக்கிற்று. பனிமலையிலே பிறந்தவர்கள் 1961ஆம் ஆண்டளவில் இங்கே வந்து, யானைகள் உலாவிய காட்டை வெட்டிச் சோளம் விதைத்தார்கள். ஊரை இழந்து அயலிடத்திலே குடிசை கட்டுவது எத்தகையது என்பதை எம் நாட்டு வாசகருக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பொற்கோயிலைப் பற்றி நீண்ட வருணனை வேண்டாம். நம்துரோலிங் என்னும் மடாலயத்தைச் சேர்ந்த அக்கோயிலில், பொன்முலாம் பூசிய மூன்று பெருந் திருவுருவங்கள் உள்ளன. நடுவே புத்தர்பெருமான். ஏறக்குறைய அறுபதடி உயரம். சுற்றுலாப் பயணிகள் கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் பிடித்த வண்ணம் இருந்தனர். எமது பிள்ளைகளும் அவ்வாறே செய்தனர்.

எமது கண் வேறொன்றிலே நிலைத்தது. மண்டபமொன்றின் சுவரிலே பெரியதோர் ஓவியம். நடுக்கடலிலிருந்து எழுந்த ஒரு மலை. படிப்படியாக மேலே அகன்று விண்ணவர் மாளிகைகளைத் தாங்கி நின்றது. சுற்றிலும் வளையம் வளையமாக மலைகளும் கடல்களும். நான்கு திக்கிலும் நான்கு கண்டங்கள். மலையின் இடுப்பளவிற் சூரியனும் சந்திரனும் சுற்றிவந்தன. யாரிடமும் கேட்காமலே அது மேரு என்று எமக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த அக்கணத்தில், பல ஆண்டுகளுக்கு முன் நாம் செய்த ஒரு தவறும் நினைவுக்கு வந்தது.

ஒரு மாணவனின் வினா

நாம் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்றவர். கல்லூரியிலே வாரத்தின் பெரும்பகுதி விஞ்ஞானம் படிப்பிப்போம். சில பாடவேளைகளிற் சைவநெறியும் படிப்பிப்போம். ஒருநாள் சைவநெறி வகுப்பிலே கந்தபுராணத்து அண்டகோசப் படலத்தின் பொருளைச் சொல்லிக்கொண்டிருந்தோம். நடுவே மேரு, அதனைச் சூழ நாவலந்தீவு, அதற்கப்பால் உவர்நீர், பால், தயிர், நெய், கருப்பஞ்சாறு எனக் கடல்கள். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

“ஐயா, மேருமலை எந்த நாட்டில் இருக்கிறது? தேசப்படத்தில் அதைக் காணவில்லையே” என்றான்.

அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை. அவன் முகத்திலே உண்மையான கலக்கம் இருந்தது. நாமோ, பாடவேளை முடிவதற்குள் படலத்தை முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில், “புவியியல் வினாத்தாளில் புவியியலை எழுது, சைவநெறி வினாத்தாளிற் சைவநெறியை எழுது” என்றோம். வகுப்பு சிரித்தது. அவன் இருந்துவிட்டான். அந்த ஆண்டு முழுவதும் அவன் எம்மிடம் வேறொரு வினாவும் கேட்டதில்லை.

அந்தச் சிரிப்பொலி இன்றும் எமது காதிலே இருக்கிறது. ஒரே தலைக்குள் இரண்டு அறைகளைக் கட்டி, நடுவிலே சுவரெழுப்பி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகாதே என்று ஒரு பிள்ளைக்குக் கற்பித்த ஆசிரியர் நாம். பைலக்குப்பேயின் சுவரோவியத்துக்கு முன்னே நின்றபோது, இதே மேருவை வைத்துக்கொண்டு இந்தப் பிக்குகள் என்ன செய்கிறார்கள் என்று அறிய எமக்குப் பேராவல் உண்டாயிற்று. ஏனெனில், இங்குள்ள சேரா மடாலயத்துப் பிக்குகளுக்கு இப்பொழுது பௌதிகமும் உயிரியலும் படிப்பிக்கப்படுகின்றன என்று நாம் முன்னரே படித்திருந்தோம்.

கைதட்டிக் கேட்கும் வினாக்கள்

சேரா மடாலயம் 1419ஆம் ஆண்டில் திபெத்தின் தலைநகராகிய இலாசாவுக்கு அருகே நிறுவப்பட்டது. 1959இன் பின்னர் அகதிகளாக வந்த அதன் பிக்குகள் சிலகாலம் வங்காளத்துப் பக்சா என்னுமிடத்தில், ஆங்கிலேயர் காலத்துத் தடுப்பு முகாமொன்றில், நோயும் வெப்பமும் வருத்த வாழ்ந்தார்கள். 1970ஆம் ஆண்டளவில் அவர்களுட் சில நூற்றுவர் பைலக்குப்பேக்கு வந்து, பகலிலே வயலுழுது மாலையிலே நூலோதி மடாலயத்தை மீண்டும் எழுப்பினார்கள். இன்று அங்கே ஆயிரக்கணக்கானோர் கற்கின்றனர்.

நாம் சென்றபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முற்றத்திலே பெரும் ஆரவாரம். ஏதோ சண்டை நடக்கிறதென்று எமது இளைய மகள் அஞ்சிவிட்டாள். உண்மையில் அது வகுப்பு. இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் நிலத்திலே அமர்ந்திருக்க, மற்றவர் நின்றுகொண்டு வினாத் தொடுக்கிறார். ஒவ்வொரு வினாவின் முடிவிலும் இடக்காலை ஓங்கி மிதித்து, வலக்கையை இடக்கையின்மீது பளீரென்று தட்டுகிறார். அமர்ந்திருப்பவர் தமது விருப்பம்போல் நீட்டி முழக்க முடியாது. “ஏற்றுக்கொள்கிறேன்”, “ஏன்?”, “ஏது நிலைபெறவில்லை”, “வியாப்தி இல்லை” என்னும் சில விடைகளுள் ஒன்றைத் தேர்ந்து சுருக்கமாகச் சொல்லவேண்டும். இவற்றை எமக்கு விளக்கியவர் ஆங்கிலம் நன்கு பேசும் ஓர் இளம் பிக்கு. பத்தாண்டுகளுக்கு மேலாக அங்கே கற்றுவருபவர்.

ஏது என்றும் வியாப்தி என்றும் கேட்டபோது எமக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. மலையிலே புகை காணப்படுகிறது, ஆகவே நெருப்புண்டு, புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டென்னும் நியதியே வியாப்தி. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையிலே அறவண அடிகள் மணிமேகலைக்குக் கற்பிக்கும் அளவை நூலும் இதுதான். பௌத்தத் தருக்கத்துக்கு அடித்தளமிட்ட திக்நாகர் காஞ்சிபுரத்துப் பக்கத்தவர் என்பது மரபு. காஞ்சியிலிருந்து இமயத்தைக் கடந்து திபெத்துக்குப் போன கலை, அகதியாகக் காவிரிக் கரைக்குத் திரும்பிவந்து எம் கண்முன்னே கைதட்டிக்கொண்டிருந்தது.

காணாமையும், இல்லாமையைக் கண்டமையும்

முற்றத்தின் ஓரத்துப் படியிலமர்ந்து பேசினோம். சுற்றிவளைக்காமல், “சுவாமி, உங்கள் சுவரிலே மேரு இருக்கிறதே, வகுப்பிலே பூகோளம் படிக்கிறீர்களே, இரண்டையும் எப்படி ஏற்கிறீர்கள்?” என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். “இரண்டையும் ஏற்கவில்லை, ஐயா. மேருவைப் பற்றி நூலிலே உள்ளது உள்ளபடி கற்கிறோம். அது உலகத்தின் உண்மையான அமைப்பு அன்று என்றும் கற்கிறோம்” என்றார்.

வசுபந்து என்னும் பேராசிரியர் இயற்றிய அபிதர்மகோசத்தை அவர்கள் இன்றும் கற்கின்றனர். மேரு நீருக்கு மேலே 80,000 யோசனை உயரமும், நீருக்குக் கீழே அதேயளவு ஆழமும் உடையது என்றும், ஞாயிறும் திங்களும் அதன் பாதியுயரத்திற் சுற்றுகின்றன என்றும், மலை மறைப்பதனால் இரவு உண்டாகிறது என்றும் அந்நூல் கூறும். கடல் கடந்து கப்பல்கள் உலகைச் சுற்றிவந்தன. வான்வெளியிலிருந்து பூமியைப் படம் பிடித்தாயிற்று. அந்த மலை இல்லை. ஆகவே அவ்வளவில் நூல் பிழை என்று தலாய் லாமாவே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

அவர் அந்த முடிவுக்கு வந்த கதையும் சுவையானது. 2005ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலிலே அவரே அதனை எழுதியுள்ளார். சிறுவராக இலாசாவின் பொத்தலா அரண்மனையில் இருந்தபோது, தமக்கு முந்திய பதின்மூன்றாம் தலாய் லாமாவுக்குரிய தொலைகாட்டி ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. ஓரிரவு அதனாலே சந்திரனை நோக்கியபோது, அங்குள்ள மலைகள் நிழல் வீழ்த்துவதைக் கண்டார். சந்திரன் தானே ஒளிவிடும் பொருள் என்பது அவர் கற்ற பாடம். தானே ஒளிவிடும் பொருளின்மேல் நிழல் எவ்வாறு விழும்? வேறோரிடத்திலிருந்து ஒளி வந்தாலன்றி நிழலுண்டாகாது. ஆசிரியர்களை அழைத்து அவர்களையும் பார்க்கச் செய்தார். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். புகையைக் கொண்டு நெருப்பை அனுமானித்தது போலவே, நிழலைக்கொண்டு கதிரவனின் ஒளியை அச்சிறுவர் அனுமானித்தார். மடாலயத்துத் தருக்கம் மடாலயத்து வானநூலை வென்றது.

இதற்கு இடங்கொடுத்தது எது? சைவ சித்தாந்திகள் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளைக் கொள்ளுவர். பௌத்தத் தருக்கநூலாரோ காட்சி, அனுமானம் என்னும் இரண்டையே தனியளவைகளாகக் கொள்ளுவர். நூலுரை வேண்டாமென்பதன்று, ஆனால் அது காட்சியோடு முரணுமாயின் வலிதன்று. சிவஞானசித்தியார் பரபக்கத்திலே இவர்களுடைய கொள்கையை எடுத்துரைத்து மறுக்கும் பகுதியை நாம் பரீட்சைக்காகப் படித்ததுண்டு. அந்த அளவை இலக்கணத்துக்கு இத்தகையதொரு பயனுண்டென்று அன்று எமக்குத் தோன்றவில்லை.

“அப்படியானால் மறுபிறப்பு? அதனையும் யாரும் கண்டதில்லையே” என்றோம்.

“காணாமை வேறு, இல்லாமையைக் கண்டமை வேறு. மேரு இருக்குமானாற் காணப்பட்டிருக்க வேண்டும், தேடினார்கள், இல்லை. மறுபிறப்பு விஞ்ஞானத்தின் கருவிகளுக்கு அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதனாலேயே இல்லையென்று முடிபுசெய்ய இயலாது” என்றார். இது அவர்களுடைய பழைய ஆசிரியர்கள் காட்டிய வேறுபாடு. தலாய் லாமா விஞ்ஞானிகளோடு பேசும்போது அடிக்கடி எடுத்தாளுவது.

பௌதிக ஆசிரியராகிய நாம் விடவில்லை. “உண்டென்று சொல்லுபவரன்றோ நிறுவ வேண்டும்?” என்றோம். அவர் எழுந்து, இடக்காலை மெல்ல மிதித்து, ஓசைப்படாமல் ஒரு கைதட்டுத் தட்டி, “நல்ல வினா. எங்கள் முற்றத்திலும் இதைக் கேட்கிறார்கள்” என்றார். இருவரும் சிரித்தோம். அந்த வினாவுக்கு அன்று விடை கிடைக்கவில்லை. கிடைத்ததாகப் பாவனை செய்யாமல் இருவரும் எழுந்து தேநீர் அருந்தப் போனோம்.

ஆய்வுகூடத்திற் பிக்குகள்

தேநீர்க் கடையிலே அவர் சொன்னவற்றையும் நாம் படித்தவற்றையும் சேர்த்துச் சுருக்கமாகக் கூறுவோம். திபெத்துப் பௌத்தத்துக்கும் நவீன விஞ்ஞானத்துக்கும் இடையே ஒழுங்கான உரையாடல் 1987ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் இமயமலைச் சாரலிலுள்ள தர்மசாலாவில் ஆரம்பமாயிற்று. சிலி நாட்டு உயிரியலாளர் பிரான்சிஸ்கோ வரேலாவும், அமெரிக்கரான அடம் எங்கிள் என்பவரும் அதற்கு முன்னின்றனர். சில விஞ்ஞானிகள் தலாய் லாமாவோடு பல நாள் ஒன்றாயிருந்து பேசினர். மேடையுமில்லை, வெற்றி தோல்வியுமில்லை. அதற்கு முன்னரே டேவிட் போம், வைத்செக்கர் முதலிய பௌதிக அறிஞரிடம் அவர் பாடங் கேட்டிருந்தார். 1997ஆம் ஆண்டுக் கூட்டத்திற் கலந்துகொண்ட அன்ரன் சைலிங்கர் 2022ஆம் ஆண்டிலே பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர்.

பிக்குகளின் தியானத்தை ஆய்வுகூடத்திலே அளந்து பார்க்கும் முயற்சியும் தொடர்ந்தது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ரிச்சட் டேவிட்சன் குழுவினர் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று பெரிதும் பேசப்பட்டது. வாழ்நாளிலே 10,000 முதல் 50,000 மணிநேரம் வரை தியானம் செய்த எட்டுப் பேரையும், ஒரு வாரம் மட்டும் பயின்ற பத்து மாணவரையும் ஒப்பிட்டபோது, கருணைத் தியானத்தில் இருந்த எட்டுப் பேரின் மூளையிலே காமா அலைகள் எனப்படும் விரைவான மின்னலைகள் மிக வலுவாகத் தோன்றின. இதனைக் கேட்டவுடன், “பார்த்தீர்களா, விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது” என்று துள்ளவேண்டியதில்லை. பரிசோதிக்கப்பட்டோர் சிலரே; இரு சாராரின் வயதும் ஒத்ததன்று; பயிற்சியினாலே அலை வலுத்ததா, அத்தகைய இயல்புடையவரே பயிற்சியில் நிலைத்தனரா என்பதும் அந்த ஓர் ஆய்வினால் முடிவாகாது. 2005ஆம் ஆண்டு வாஷிங்டனில் நடந்த நரம்பியல் அறிஞர் மாநாட்டிலே தலாய் லாமாவை உரையாற்ற அழைத்தபோது, சமயத்தையும் விஞ்ஞானத்தையும் கலக்கலாகாது என்று நூற்றுக்கணக்கானோர் எதிர்ப்பு மனுவிற் கையொப்பமிட்டதும் உண்டு. அவர் உரையாற்றினார், எதிர்த்தவர்களும் தமது கருத்தைக் கைவிடவில்லை.

எமக்கு இவற்றினும் பெரிதாகத் தோன்றியது மடாலயத்துக்குள்ளே நடந்த மாற்றம். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தின் துணையோடு பல ஆண்டுகள் முன்னோடி வகுப்புகள் நடத்தி, 2014ஆம் ஆண்டிலிருந்து சேரா முதலிய பெருமடாலயங்களின் பாடத்திட்டத்திலேயே விஞ்ஞானம் சேர்க்கப்பட்டது. பாடநூல்கள் திபெத்து மொழியில் எழுதப்பட்டன. அம்மொழியில் இல்லாத கலைச்சொற்களை மொழிபெயர்ப்பாளரும் அறிஞரும் கூடியிருந்து ஆக்கினார்கள். இதைக் கேட்டபோது எமக்கு மானிப்பாய் நினைவு வந்தது. 1847ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த வைத்தியர் கிறீன் என்பவர் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்து, அதற்கான கலைச்சொற்களையும் நூல்களையும் ஆக்கியது அங்கேதான். தாய்மொழியிலே ஐயங்கொள்ளத் தெரிந்தவனுக்குத்தான் கல்வி சொந்தமாகிறது.

“விஞ்ஞான வகுப்பிலே உங்களை மிகவும் தடுமாறச் செய்தது எது?” என்று கேட்டோம்.

“நுணுக்குக்காட்டி” என்றார் அவர். “ஒரு துளிக் குட்டைநீரில் எத்தனை உயிர்கள்! அவை உணர்வுடையனவா? பற்றீரியாவுக்கு மனம் உண்டா? மருந்து உட்கொண்டு பற்றீரியாவைக் கொல்லுவது கொலையா? ஓடிச்சென்று இரையைப் பற்றுவதனால் உணர்வுண்டென்று சிலர் வாதிட்டோம். இரசாயனத் தூண்டலால் அசைவதெல்லாம் உணர்வாகுமா என்று மற்றவர்கள் மறுத்தார்கள். வந்திருந்த அமெரிக்க ஆசிரியரிடம் கேட்டோம். அவரும் அன்றிரவு உறங்கியிருக்கமாட்டார்.”

உரையாடல் என்பதன் பொருள் எமக்கு அப்பொழுது விளங்கிற்று. இரு திறத்தாரும் தத்தம் வினாவோடு வந்து, வந்தபடியே திரும்பிப் போகாதிருத்தல்.

எமது வீட்டுக் கணக்கு

வெளிநாட்டவர் அக்குடியேற்றத்தில் இரவு தங்குவதற்கு விசேட அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆதலால் இருட்டும் வேளையில் விடைபெற்றுக் குசால்நகருக்கு வந்தோம். விடுதியிலே பிள்ளைகள் உறங்கிய பின்னர், எமது தாயகத்திலே இதே மேருவுக்கு நேர்ந்தவற்றை எண்ணிப் பார்த்தோம்.

1873ஆம் ஆண்டு ஆகஸ்டில் பாணந்துறையிலே கிறித்தவருக்கும் பௌத்தருக்கும் பெருவாதம் நடந்தது. பௌத்தர் சார்பிலே வாதிட்ட மிகெட்டுவத்தை குணானந்த தேரர் சொல்வன்மையினாலே புகழ்பெற்றவர். மேரு எங்கேயுள்ளது என்று எதிர்த்தரப்பினர் கேட்டபோது, நியூட்டனின் கொள்கையே பிழையென்று எழுதிய மொரிசன் என்னும் ஆங்கிலேயரின் நூலொன்றை எடுத்துக்காட்டி அவர் விடையிறுத்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்த வாதம் இலங்கைப் பௌத்தரிடையே ஊட்டிய தன்மதிப்பு பெரிது. அடிமைப்பட்டிருந்த சமூகத்துக்கு அது வேண்டியதே. ஆனால் மேரு எங்கே என்ற வினா அங்கே விடைபெறவில்லை.

யாழ்ப்பாணத்துக் கதை அதனினும் முந்தியது. 1829ஆம் ஆண்டு மார்ச் மாதத்துச் சந்திரகிரகணத்துக்கு அராலி விசுவநாத சாஸ்திரியார் தமது பஞ்சாங்கத்திலே கணித்த நேரமும், வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபர் டானியல் பூவர் கணித்த நேரமும் வேறுபட்டன. மிஷனரிமாரின் குறிப்புகளின்படி கிரகணம் பூவரின் கணிப்பை ஒட்டியே நிகழ்ந்தது. அதனை அவர்கள் தமது சமயத்தின் வெற்றியாக எடுத்துரைத்தார்கள். உண்மையில் வென்றது சமயமன்று, கணிதம். சாஸ்திரியார் கையாண்டதும் தலைமுறை தலைமுறையாக வந்த நுண்ணிய கணிதமே. இரு கணிதரும் ஒரே திண்ணையில் அமர்ந்து தம் கணக்குகளை ஒப்பிட்டிருந்தால் எத்துணை நன்றாயிருந்திருக்கும்! வெல்ல வேண்டும், தோற்கக் கூடாது என்ற எண்ணம் குறுக்கே நின்றது.

இக்காலத்திலே நாம் வேறொரு வழியிலே தப்பித்துக்கொள்கிறோம். அணுவைப் பற்றிக் கேட்டால் அது எங்கள் நூலில் உண்டு என்கிறோம். விமானத்தைக் கேட்டால் அதுவும் உண்டு என்கிறோம். இந்நோய் சைவருக்கு மட்டும் உரியதன்று; பௌத்த மேடைகளிலும் இதனைக் கேட்டிருக்கிறோம். விஞ்ஞானி கண்டுபிடித்த பின்னர், அதைப் பழைய ஏட்டிலே தேடியெடுப்பது உரையாடலாகாது. எல்லாம் முன்னரே உண்டென்பவன் எதையும் புதிதாகக் கேட்பதில்லை. சேரா மடாலயத்தார் ஒன்றை இழந்தார்கள். 80,000 யோசனை உயரமுள்ள ஒரு மலையை இழந்தார்கள். அந்த இழப்பை ஒளிக்காத காரணத்தினாலேயே, மனம் என்றால் என்ன, உணர்வு எங்கே தொடங்குகிறது என்னும் தம் சொந்த வினாக்களைக் கொண்டு விஞ்ஞானியின் முன் நிமிர்ந்து இருக்க அவர்களால் முடிகிறது.

ஊற்றின் அருகே

மறுநாள் தலைக்காவிரிக்குச் சென்றோம். பிரமகிரிச் சாரலில் மூடுபனி இறங்கியிருந்தது. சிறியதொரு தொட்டி, அதனை அடுத்து நீராடும் குளம். ஐப்பசிப் பிறப்பிலே அங்கு நீர் பொங்கியெழும் என்பது அடியார்களின் நம்பிக்கை. குனிந்து ஒரு கை நீரை அள்ளியபோது, ஏறக்குறைய 800 கிலோமீற்றர் ஓடிச் சோழநாட்டை வாழவைக்கும் ஆறு இதுதானா என்று வியப்பாயிருந்தது.

“அப்பா, கமண்டலம் கவிழ்ந்த இடம் இதுதானா?” என்று இளைய மகள் கேட்டாள். மலைமேற் பெய்த மழைநீர் மண்ணுக்குள் இறங்கிப் பாறையிடுக்கால் ஊற்றாக வெளிவருவதை அவளுக்கு விளக்கினோம். பின்னர் அகத்தியரின் கதையையும் சொன்னோம். “எது உண்மை?” என்றாள். இம்முறை நாம் அவசரப்படவில்லை. “நீர் எப்படி வந்தது என்று கேட்டால் முதலாவது உண்மை. இந்த நீரைக் கண்டவர்கள் ஏன் கைகூப்பினார்கள் என்று கேட்டால் இரண்டாவது கதையைப் படிக்க வேண்டும். இரண்டும் ஒரே கேள்வியன்று. இதிலே ஐயமிருந்தால் இன்னும் கேள்” என்றோம். அவள் ஊர் வந்து சேருமட்டும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஊர் திரும்பிச் சில வாரங்களின் பின், கோயிலிலே அந்தப் பழைய மாணவனைக் கண்டோம். இப்பொழுது பல்கலைக்கழகத்திலே பொறியியல் கற்கிறான். ஓரமாக அழைத்துப் பைலக்குப்பேயிற் கண்டதைச் சொல்லி, “மேருமலையைப் பற்றி நீ ஒருநாள் கேட்டாயே, அன்று நாம் சொன்னது விடையன்று, தம்பி” என்றோம்.

அவன் சற்று யோசித்தான். “நான் அப்படிக் கேட்டேனா, ஐயா? எனக்கு நினைவில்லையே” என்று பணிவோடு புன்னகைத்தான். பின்னர், “இப்போது நான் அவற்றையெல்லாம் அவ்வளவாக நினைப்பதில்லை” என்றும் சொன்னான்.

அவன்மீது குறையில்லை. சுவரெழுப்பியவர் நாம், ஓர் அறையை அவன் பூட்டிவிட்டுப் போய்விட்டான், அவ்வளவே.

அடுத்த வாரம் சைவநெறி வகுப்பிலே அண்டகோசப் படலத்தை எடுத்தோம். மேசையிலே கந்தபுராணத்தையும் அதன் அருகே பூகோள உருண்டையையும் வைத்தோம். “இந்த உருண்டையிலே மேருவைக் காணவில்லை. ஏன்?” என்று நாமே கேட்டுவிட்டு அமர்ந்தோம். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.